சொந்த விருப்பத்தில் மாறுதல்

என் அப்பாவுக்கு ஒரு நாள் என்பது இரண்டு பாதி. முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று. கல்கத்தா அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தார். யார் எந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்தார்கள், என்றைக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கோப்புகள்தான் அவருடைய வேலை. வந்து சேர்கிறவர் முதலில் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும்: ‘இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்.’ முற்பகல் என்றால் அந்த நாள் சேவைக் கணக்கில் சேரும். பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்துதான். அலுவலக வழக்கில் எஃப்.என்., ஏ.என். என்பார்கள். நான் பிறந்ததைக்கூட அப்பா தன் டைரியில் ‘பெண் குழந்தை, எஃப்.என்.’ என்றுதான் எழுதியிருக்கிறார். அம்மா அதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த விஷயத்தில் அப்பா யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தபோது ரயில் தாமதமாகி, மதியம் ஒன்று பத்துக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தார். ‘அரை நாள்தானே அண்ணாச்சி, எஃப்.என்.னு போட்டுருங்க’ என்று கெஞ்சினார். அப்பா ஏ.என். என்று போட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கல்கத்தாவில் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பகைத்துக்கொள்வது சாதாரணமில்லை, கொழுக்கட்டை கொடுக்கக்கூட ஆளில்லாமல் போகும். அம்மா முணுமுணுத்தாள். அப்பா அசையவில்லை.

இன்னொரு விதியும் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டது. மேலிடம் ஒருவரை மாற்றினால் அவருடைய சீனியாரிட்டி கூடவே போகும். தானாகவே கேட்டு மாறிப் போகிறவருக்கு அது கிடையாது. எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும் புது இடத்தில் பட்டியலின் கடைசியில்தான் பெயர் வரும். அதற்கு ‘ஓன் ரிக்வெஸ்ட்’ என்று பெயர். அப்பாவின் வாயில் அந்தச் சொல் ‘ஓடிப்போனவன்’ என்பது போல ஒலிக்கும்.

நான் அதைத்தான் செய்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். (எஃப்.என்., டைரியில் இருக்கிறது.) வெளிநாட்டு வங்கி ஒன்றின் பழைய நிரல்களைத் திறந்து, ஆண்டு என்று வருகிற இடத்திலெல்லாம் இரண்டு இலக்கத்தை நான்கு இலக்கமாக்குவதுதான் வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வருஷம் வேறு எதையும் செய்யவில்லை. இரண்டாயிரம் பிறந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருக்கத்தானே உழைத்தோம் என்று கேக் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். நான் அதைத் தின்றுகொண்டே, என் வாழ்க்கையில் ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

நடந்தது ஒரு மதிய உணவு இடைவேளையில். கல்லூரித் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய அறிவியல் பத்திரிகை ஒன்றில் காந்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. காந்தத்துக்குள்ளே எண்ணற்ற குட்டிக் காந்தங்கள். ஒவ்வொன்றும் மேலே பார்க்கலாம், கீழே பார்க்கலாம். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு பேரைப் பார்த்து, பெரும்பாலும் பெரும்பான்மைப் பக்கம் சாயும். சூடு அதிகமானால் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் விதி. ஆறே வரியில் நிரல் எழுதிவிடலாம். எழுதினேன். திரையில் மேலே பார்ப்பவை கறுப்பு, கீழே பார்ப்பவை வெள்ளை. சூட்டைக் கூட்டினால் புழுதி பறந்தது. குறைத்தால் ஒரே நிறமானது. நடுவில் ஒரே ஒரு சூட்டில், கறுப்பும் வெள்ளையும் தீவு தீவாக நின்றன. தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் மறுபடி தீவு, எல்லா அளவிலும் இருந்தன.

நிரலை மறுபடி படித்தேன். நான் எழுதிய ஆறு வரியில் தீவு என்று எங்கேயும் இல்லை. அதுவரை நான் எழுதிய நிரல் எல்லாம் நான் சொன்னதைச் செய்தது, அல்லது செய்யாமல் என்னைத் திட்டு வாங்கவைத்தது. இதுவோ நான் சொன்னதை மட்டும் செய்துவிட்டு, நான் சொல்லாத ஒன்றைக் காட்டியது. ஏன் என்று பக்கத்து மேசைக்காரனைக் கேட்டேன். ‘ஸ்க்ரீன் சேவர் நல்லா இருக்கு’ என்றான். அந்தக் கணமே அந்த வேலை எனக்கு முடிந்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டு இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையால்லா இருக்கு” என்றாள்.

அப்பா டைரியை மூடி வைத்தார். “ஏட்டி, ஒன்ன யாராவது போகச் சொன்னாங்களா?”

“இல்லப்பா. நானே போறேன்.”

“அப்போ ஓன் ரிக்வெஸ்ட்.”

“ஆமா.”

“படிச்ச படிப்பு, பாத்த வேல, ஒண்ணும் கூட வராது. அங்க போயி கடைசி ஆளா நிப்ப. நேத்து பி.எஸ்.ஸி. முடிச்ச பிள்ளைக்கும் பின்னால.”

“நிக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவர் மறுபடி டைரியைத் திறந்தார். விதியைச் சொன்னால் போதும், மீதியை விதி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்.

நகரத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நேர்காணல். ஐந்து பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், வெளுத்த மீசையும் பழுப்புக் கைத்தறிச் சட்டையுமாக இருந்தவர், என் சான்றிதழ்களை ஒரே பார்வையில் புரட்டிவிட்டு, “இவரிடம் எம்.எஸ்ஸி. இயற்பியல் இல்லையே, இங்கே எதற்கு வந்திருக்கிறார்?” என்று என்னைக் கேட்காமல் மற்றவர்களைக் கேட்டார். இன்னொருவர், பின்னால் எனக்கு வழிகாட்டியாக வந்தவர், “என் நிரல்களுக்கு ஒரு ஆள் வேண்டும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தற்காலிகமாக. ஒரு வருஷம் எம்.எஸ்ஸி. மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். வருஷக் கடைசியில் இதே ஐந்து பேருக்கு முன்னால் வாய்மொழித் தேர்வு. தேறினால் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி, தவறினால் வெளியே. இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சேர்ந்த அன்று மாலை, “டைரியில எழுதுங்கப்பா, எஃப்.என்.தான்” என்றேன்.

“ப்ரொவிஷனல எல்லாம் எழுத மாட்டேன்” என்றார். அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பல வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே நான் மாணவியாக இருந்ததைவிட மெக்கானிக்காக இருந்ததுதான் அதிகம். காலையில் இருபத்தொரு வயசுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெப்ப இயக்கவியல். மதியம் என் மேசைக்கு முன்னால் வரிசை. ‘எக்டு தேக்கே தாவ் தோ’, கொஞ்சம் பார்த்துக் கொடேன் என்று ஆளாளுக்கு நிரலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நிரலில் மாறிகளுக்கு எல்லாம் ஒற்றை எழுத்துப் பெயர். ஒருவர் அதே எழுத்தை ஒரு பக்கத்தில் வெப்பத்துக்கும் மறுபக்கத்தில் நேரத்துக்கும் வைத்திருந்தார். சரிசெய்து கொடுப்பேன். நன்றி சொல்வார்கள். பிறகு கரும்பலகைப் பக்கம் போய் இயற்பியல் பேசுவார்கள். நான் பக்கத்தில் போய் நின்றால் பேச்சு நயமாக தேநீர், மீன் விலை என்று திரும்பும். எனக்குப் புரியாது என்பதால் எனக்குச் சிரமம் தராமல் இருக்கிறார்களாம். அந்த மரியாதையைவிட அவமானம் வேறில்லை.

காட்டுகிறேன் உங்களுக்கு என்று மனசுக்குள் கறுவினேன். அந்தக் கறுவல்தான் என்னைக் குழியில் தள்ளியது.

வழிகாட்டியின் காந்த நிரல் மகா மந்தம். ஒரு புள்ளியை எடுக்கும், அதன் நான்கு அண்டையாரைப் பார்க்கும், திருப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும், பிறகு அடுத்த புள்ளிக்குப் போகும். லட்சக்கணக்கான புள்ளிகள். ஒரு தடவை ஓட நாள் கணக்கு ஆகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எவருக்கும் அதைப் பார்த்தால் பல் கூசும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே விதி, அப்புறம் எதற்கு ஒவ்வொன்றாக? பழைய பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாப் புள்ளிகளும் அதைப் பார்த்து ஒரே நேரத்தில் தீர்மானிக்கட்டும். நிரலை அப்படி மாற்றி எழுதினேன். ஒரு நாள் ஓடியது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. சோதித்துப் பார்த்தேன். சூட்டைக் குறைத்தால் பலகை முழுக்க ஒரே நிறம், காந்தம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. அந்த வாரக் கருத்தரங்கிலேயே காட்டுகிறேன் என்று நானாகவே பெயர் கொடுத்தேன்.

கருத்தரங்கு அறையில் பத்து இருபது பேர் இருந்தார்கள். வெளுத்த மீசைக்காரரும் வந்திருந்தார். வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு நிரலை ஓட விட்டேன். சூட்டைக் குறைத்தேன். பலகை ஒரே நிறமாகவில்லை. சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகக் கறுப்பு வெள்ளை ஆனது. அடுத்த கணம் கறுத்தது வெளுத்தது, வெளுத்தது கறுத்தது. மறுபடி மாறியது. பலகை முழுக்க மினுக் மினுக் என்று மின்னிக்கொண்டே இருந்தது. நிறுத்தி மறுபடி ஓட விட்டேன், மறுபடியும் மினுக் மினுக்.

வெளுத்த மீசைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ரொம்ப வேகம்தான். ஆனால் இது காந்தம் இல்லை. துர்கா பூஜைப் பந்தல் விளக்கு.”

அறை சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அடுத்த ஒரு மாதம் நடைகூடத்தில் நான் போனால் யாராவது ஒருவர் விரல்களை விரித்து மூடி மினுக்கிக் காட்டுவார். முகத்தை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். கழிப்பறையில் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டி கோபப்படவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டு, அக்கறையோடுதான் பேசினார். “நிரலில் உன்னைப் போல இங்கே யாரும் இல்லை. இயற்பியலை எங்களிடம் விட்டுவிடு. நிறுவனத்தில் புரோகிராமர் பதவி ஒன்று வருகிறது. நிரந்தரம். தேர்வு எல்லாம் வேண்டாம், நான் சொன்னால் போதும். விண்ணப்பம் போட்டுவிடு.”

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

“மத்திய அரசு. பெர்மனென்ட். ட்ரான்ஸ்ஃபரே கிடையாது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அம்மாவைப் பார்த்தார். “கோழி மேச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்னு சும்மாவா சொன்னாங்க.”

“நான் கோழி மேய்க்கப் போகலப்பா.”

“தேர்வுல தவறிட்டேன்னா மேய்க்கக் கோழியும் இருக்காது. கேட்டியா?”

அது உண்மை. நான் பழைய நிறுவனத்துக்குத் திரும்பிப் போக முடியாது. தேர்வில் என்னைத் தூக்கி எறிய ஐந்து பேரில் ஒருவர் தயாராகவே இருந்தார். பதவிக்குக் கடைசித் தேதி தேர்வுக்கு முன்பே வந்தது. இதுவா அதுவா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். புரோகிராமர் பதவியில் சேர்ந்தால் பிறகு காலம் முழுக்க அந்த வரிசை என் மேசை முன்னால் நிற்கும், கரும்பலகைப் பக்கம் நான் போனால் மீன் விலை பேசுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தீவுக்குள் ஏரி ஏன் வந்தது என்று சாகும்வரை தெரியாமலே போகும்.

அப்பா விண்ணப்பத்தைத் தானே வாங்கி வந்தார். அலுவலகத் தட்டச்சுப் பொறியில் என் பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் பிழையில்லாமல் அடித்து, சான்றிதழ் நகல்களுக்குக் கெஜட்டட் அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கடைசித் தேதிக்கு முந்தின நாள் வரை அது அங்கேயே கிடந்தது. அம்மா அதன்மேல் ரசம் சிந்தாமல் சுற்றி வைத்துப் பரிமாறினாள்.

அந்த முந்தின நாள் மாலை காளிகாட் மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வாடகை வீடு கோயிலுக்குப் போகும் சந்துகளில் ஒன்றுக்குள் இருந்தது. இரண்டு பேர் தோள் இடிக்காமல் போக முடியாத சந்து. எதிரே தலையில் செம்பருத்தி மாலைக் கூடையோடு ஒருவர் வந்தார். அவருக்கு வழிவிட நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். நான் வலப்பக்கம் போனேன், அவரும் வலப்பக்கம் வந்தார். மறுபடி இடம், மறுபடி வலம். நாலாவது தடவை அவருக்குச் சலித்துவிட்டது. “ஆப்னி ஜான். ஆமி தாராச்சி” என்றார். நீங்க போங்க, நான் நிற்கிறேன். அவர் நின்றார். நான் போனேன்.

பத்தடி போனதும் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி ஏதோ திட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எதிராளி முன்பு நின்ற இடத்தைப் பார்த்துத் தீர்மானித்தோம். அதனால் ஆடினோம். என் பலகையும் அதைத்தான் செய்கிறது. ஒருவர் நின்று ஒருவர் நகர்ந்தால் ஆட்டம் இல்லை. அதற்காக ஒவ்வொருவராக நகரத் தேவையில்லை. சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டத்துக்கு அண்டையார் நான்கு பேரும் வெள்ளை. கறுப்புக்குக் கறுப்பு அண்டையே கிடையாது. ஆகையால் வெள்ளையெல்லாம் நிற்கட்டும், கறுப்பெல்லாம் ஒன்றாக நகரட்டும். பிறகு கறுப்பு நிற்கட்டும், வெள்ளை நகரட்டும். இரண்டே தட்டில் முடிந்துவிடும். வேகமும் போகாது, காந்தமும் கெடாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குப் பின்னால் தலையை நீட்டியது. அதைப் பிடிக்கக் காகிதம் வேண்டும்.

வீட்டுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்தேன். நான் தெரியாமல் அந்தத் தாளை எடுத்துவிட்டதாகப் பிற்பாடு அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். முதல் கட்டம் போட்டபோது எனக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையில் மறுபக்கத்துத் தட்டச்சு எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன. திருப்பிப் பார்த்தேன், என் பெயர் இருந்தது. மறுபடி திருப்பி, பேனாவை இன்னும் அழுத்தி மூன்றாவது வரிசையைப் போட்டேன்.

அப்பா வந்தபோது தாள் முழுக்கக் கட்டமும் கணக்கும் நிறைந்திருந்தது. மை மறுபக்கம் கசிந்து பிறந்த தேதியை மறைத்திருந்தது. அவர் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இவ கோலம் போட்டு வச்சிருக்கா” என்றாள் அம்மா, எனக்குச் சாதகமாகவா பாதகமாகவா என்று தெரியாத குரலில்.

“கோலம் இல்லம்மா. பந்தல் விளக்கு ஏன் மினுக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன்.”

“நாளைக்குக் கடைசித் தேதி” என்றார் அப்பா.

“தெரியும்ப்பா.”

“வேற பாரம் கிடைக்காது.”

“வேண்டாம்.”

“தவறிட்டேன்னா?”

“தவறிட்டுப் போறேன். தெரியாத எடத்துல கடைசி ஆளா நிக்கேன்னுதான சொன்னேன். வாசல்ல நின்னு அவங்க வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுதேன்னு சொல்லல.”

என் குரல் அந்தச் சின்ன வீட்டுக்கு அதிகம். நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மாடி வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கை கால் கழுவப் போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, அவர் பெண்தானே.

கறுப்பு வெள்ளையை மாற்றி மாற்றி நகர்த்தும் வழி ஒன்றும் புதிதில்லை என்று பிறகு நூலகத்தில் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்பே தெரிந்தவர்கள் உலகத்தில் நிறைய இருந்தார்கள். ஆனால் அந்த நடைகூடத்தில் விரலை மினுக்கிக் காட்டியவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த அல்ப சந்தோஷத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

தேர்வு நாளில் வழிகாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. பதவியை மறுத்ததில் அவருக்கு வருத்தம். முதல் ஒரு மணி நேரம் பாடக் கேள்விகள். சில சொன்னேன், சில உளறினேன். வெப்ப இயக்கவியலில் ஒரு நிரூபணத்தின் பாதியில் வழி தெரியாமல் நின்றேன். “தெரியவில்லை. ஒரு வாரம் கொடுத்தால் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். யாரோ இருமினார்கள். வெளுத்த மீசைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார்.

“உங்கள் பந்தல் விளக்கைப் பற்றிச் சொல்லுங்களேன்.”

அதைக் கேட்டால் நான் கூனிக் குறுகுவேன் என்று நினைத்தார் போலும். எட்டு மாதமாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சுண்ணக்கட்டியை எடுத்துக் கட்டம் போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் ஏன் அது காந்தம் ஆகாது, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் திரும்புவதும் ஏன் சமன்பட வேண்டும், என் நிரல் அந்தச் சமனை எங்கே உடைத்தது என்று எழுதினேன். என் தவற்றை என்னைவிட நன்றாக வேறு யாரும் அங்கே விளக்கியிருக்க முடியாது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

“இதைக் காந்தம் இல்லை என்றீர்கள், சரி. அப்படியானால் இது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன்” என்றேன். பலகையைச் சதுரங்கமாக நினைத்தால், அடுத்த தட்டில் கறுப்புக் கட்டம் பார்ப்பது இப்போதைய வெள்ளையை மட்டும். வெள்ளை பார்ப்பது இப்போதைய கறுப்பை மட்டும். தொடர்ந்து கோடு இழுத்துக்கொண்டே போனால் ஒரே பலகைக்குள் இரண்டு காந்தங்கள், ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசாமல், ஒன்றுக்குள் ஒன்று நெய்தது போல இருக்கின்றன. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பலகை ஒரே நிறம். நான் சோதித்த அன்று அப்படி அமைந்தது. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் மினுக்கும். கருத்தரங்கு அன்று அப்படி அமைந்தது. “நிரல் பொய் சொல்லவில்லை. நான் எழுதிய விதியில் நான் எழுதாத ஒன்று இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம். நான் இங்கே வந்தது அதைப் பார்க்கத்தான்.”

கை முழுக்கச் சுண்ணாம்பு. மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளும் எண்ணம் மட்டும் வரவில்லை.

வெளுத்த மீசைக்காரர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தார். நான் இழுத்த கோடுகளில் ஒன்றை விரலால் கடைசி வரை தொடர்ந்து போனார். “கட்டங்கள் ஒற்றைப்படையில் இருந்தால்?” என்று கேட்டார். முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எதிரெதிர் ஓரங்களை ஒட்டவைத்திருந்தால் இந்தப் பிரிவு உடையும். இரண்டும் பேசிக்கொள்ளும்.”

“ம்” என்றார். போய் உட்கார்ந்தார். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் அந்த வெப்ப இயக்கவியல் நிரூபணத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு தேறியதாகச் சொன்னார்கள். இயற்பியல் துறை ஆராய்ச்சி மாணவி என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய் அப்பாவின் அலுவலகத்துக்குப் பேசினேன்.

“தேறிட்டேன்ப்பா.”

அந்தப் பக்கம் தட்டச்சுப் பொறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “எஃப்.என்.னா, ஏ.என்.னா?” என்றார்.

சட்டென்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் எரிந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு வருஷமாக வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கம் என் கண்முன் நின்றது.

“இன்னிக்குத் தாள்தான்ப்பா வந்துருக்கு. நான் சேர்ந்தது இன்னிக்கு இல்ல. அந்த பாரத்துக்குப் பின்னால கட்டம் போட்டேன்லா, அன்னிக்கு.”

“அன்னிக்கு ஆர்டர் ஒண்ணும் வரலியே.”

“யாரு ஆர்டரும் வேண்டாம். அதுதான ஓன் ரிக்வெஸ்ட்.”

“ஓன் ரிக்வெஸ்டுக்குப் பழைய தேதி போட முடியாதுட்டி. ரூல் இருக்கு.”

“ரூல் இருக்கட்டும்ப்பா. தேதிய எழுதுங்க. சாயங்காலம். ஏ.என்.னே போட்டுக்கிடுங்க, நான் ஒண்ணும் அரை நாளுக்கு அழல.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் தெரு முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போய் மெட்ரோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இன்னும் வரவில்லை. சாப்பாட்டு மேசைமேல் டைரி திறந்து கிடந்தது. என் போன் வந்த கையோடு அனுமதி போட்டு வந்து, எழுதிவிட்டு, மறுபடி அலுவலகம் போனாராம். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நாளும் வந்ததில்லை என்றாள் அம்மா. நாலாக மடித்த அந்த விண்ணப்பம், வெறுமையாகக் கிடந்த அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தது, என் கட்டங்கள் மேலே தெரியும்படி. அதன் கீழே, நான் கட்டம் போட்ட அந்த நாளின் தேதி. அதற்குப் பக்கத்தில் அவருடைய சாய்வெழுத்தில், ‘இயற்பியலில் சேர்ந்தாள், சொந்த விருப்பத்தில்’ என்று எழுதியிருந்தார்.

அதற்கும் பக்கத்தில் எஃப்.என். என்று போட்டிருந்தார்.